மூட்டுக்குப் பிறந்து குடலுக்குப் போன மாத்திரை

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் 1937-ல் நன்னா ஸ்வார்ட்ஸ் பேராசிரியரானார். ஸ்வீடனின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். குடல் நோய்களிலும் மூட்டு நோய்களிலும் ஒருசேரத் தேர்ந்தவர். அன்று அவரை விடாமல் துரத்திய நோய் முடக்குவாதம். நோயாளிக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது, முழங்கால் வீங்கிச் சிவந்திருக்கும். அப்போதிருந்த மருந்து சாலிசிலேட். வலி குறையும் அளவுக்குக் கொடுத்தால் காதில் இரைச்சல் கேட்கும், வயிறு எரியும். வலி அடங்கினாலும் நோய் அடங்காது.

முடக்குவாதத்துக்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று ஸ்வார்ட்ஸ் நம்பினார். அந்தக் காலத்து மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். கிருமியைக் கொல்ல ஒரு பொருள், வீக்கத்தைத் தணிக்க ஒரு பொருள், இரண்டையும் ஒரே மூலக்கூறாக இணைத்து மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவுக்குள் அனுப்பினால் நோயின் வேரையே பிடுங்கிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. இந்த யோசனையோடு ஃபார்மசியா என்ற ஸ்வீடன் மருந்து நிறுவனத்தை அணுகினார். 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது.

இணைக்கத் தேர்ந்த இரண்டு பொருள்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. சாலிசிலேட் வில்லோ மரப்பட்டையின் வழிவந்தது. பேயர் நிறுவனம் 1899-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. மற்றொன்று சல்ஃபா. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக், புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் எலிகளைக் கிருமித் தொற்றிலிருந்து காப்பாற்றுவதைக் கண்டு 1935-ல் வெளியிட்டார். அந்தச் சாயம் உடலுக்குள் உடைகிறது, உடைந்து வரும் நிறமற்ற பாதிதான் கிருமியோடு போராடுகிறது என்பதைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் அதே ஆண்டில் காட்டினார்கள். உடைந்த பிறகு எந்தப் பாதி வேலை செய்கிறது என்ற இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பதாண்டு கழித்து அதே கேள்வி நம் மாத்திரையின் தலையெழுத்தை மாற்றியது.

சல்ஃபா குடும்பத்தில் ஸ்வார்ட்ஸ் தேர்ந்தெடுத்தது சல்ஃபாபிரிடின். இங்கிலாந்தின் மே அண்ட் பேக்கர் நிறுவனம் 1938-ல் வெளியிட்ட மருந்து அது. இந்த சல்ஃபாபிரிடினையும் 5-அமினோசாலிசிலிக் அமிலத்தையும் இரண்டு நைட்ரஜன் அணுக்களால் ஆன பிணைப்பு ஒன்று சேர்த்தது. பல துணிச்சாயங்களுக்கு நிறம் தருவதும் இதே பிணைப்புதான். அதனால் பிறந்த மருந்தும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் இருந்தது. சலசோபைரின் என்று பெயர் வைத்தார்கள். இன்று மருந்துச் சீட்டில் சல்ஃபாசலசீன் என்று எழுதுகிறார்கள்.

ஸ்வார்ட்ஸ் இதை முடக்குவாத நோயாளிகளுக்கும் கொடுத்தார், ரத்தமும் சளியுமாகக் கழிந்துகொண்டிருந்த பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்கும் கொடுத்தார். அவருடைய கட்டுரை 1942-ல் வெளிவந்தது. ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த நேரம். குடல் நோயாளிகளிடம் கிடைத்த பலன் தெளிவாக இருந்தது. ரத்தப்போக்கு நின்றது, கழிப்பறைக்கு ஓடும் தடவைகள் குறைந்தன, எடை ஏறியது. மூட்டுக்கோ வேறு விதி. 1940களின் இறுதியில் பிரிட்டனில் செய்த பரிசோதனை ஒன்று மூட்டுகளுக்கு இதனால் பெரிய பயனில்லை என்று சொல்ல, அந்த வாசல் முப்பது ஆண்டுகளுக்கு மூடிக்கொண்டது. எந்த நோய்க்காகப் பிறந்ததோ அந்த நோய் கைவிட்டது, பக்கத்தில் வைத்துச் சோதித்த நோய் தத்தெடுத்துக்கொண்டது.

தத்தெடுத்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். நோயாளிகள் சுருக்கமாகக் கொலைட்டிஸ் என்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி பெருங்குடலின் உட்சவ்வையே தாக்கி அதைப் புண்ணாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு இடப்பக்கம் வரை, சிலருக்குப் பெருங்குடல் முழுவதும். பெரும்பாலும் இளம் வயதில் வரும். படிப்பு, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை தொடங்கும் நேரத்தில், பேருந்தில் ஏறும்முன் வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யோசிக்க வைக்கும். சில மாதம் சீறும், சில மாதம் அல்லது சில வருடம் அடங்கிக் கிடக்கும், பிறகு திடீரெனத் திரும்பும்.

நம் ஊரில் இந்த நோய்க்குச் சரியான பெயர் கிடைப்பதற்குள் நாள்கள் ஓடிவிடுகின்றன. சீதபேதி, ரத்தபேதி, மூலம், உடல் சூடு என்று சுற்றி வருவார்கள். அமீபாவுக்கான மெட்ரோனிடசோல் கோர்ஸ் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போகும். அமீபா இங்கே நிஜமாகவே இருக்கிறது என்பதால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. மலப் பரிசோதனையும், குழாய்க் கேமரா வழியாகக் குடலைப் பார்த்துத் திசு எடுத்துச் சோதிப்பதும் முதலில் நடந்தாக வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் வேறு உண்டு. அமீபா புண் இருக்கும் குடலில் அதைக் கொலைட்டிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்து வரும்.

ஸ்டீராய்டு என்றதும் இந்த மாத்திரையின் பெரிய போட்டியாளர் நினைவுக்கு வருகிறது. ஆக்ஸ்போர்டில் சிட்னி ட்ரூலவும் விட்ஸும் 1955-ல் வெளியிட்ட கார்டிசோன் பரிசோதனையில் 210 நோயாளிகள் இருந்தார்கள். கொலைட்டிஸ் மருத்துவத்தில் அது ஒரு திருப்பம். சீறி எழுந்த நோயைக் கார்டிசோன் அடக்கியது. ஆனால் அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க அதனால் முடியவில்லை. அதே இருவர் 1959-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அதைக் காட்டியது. தீயை அணைப்பது ஒரு வேலை, திரும்பப் பற்றாமல் காப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் மஞ்சள் மாத்திரை வந்தது.

1965-ல் லண்டன் மருத்துவர்கள், நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பாதிக்குத் தினமும் 2 கிராம் சல்ஃபாசலசீனும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலோ ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு நோய் திரும்பிவிட்டது. 1973-ல் திஸாநாயக்க என்பவரும் ட்ரூலவும் இன்னும் கடினமான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். நெடுநாள் மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் இனி நிறுத்திவிடலாமா? நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். நோயாளிகள் தினமும் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது. அந்தப் பதில் நோயாளிகளின் வீடுவரை இன்னும் போய்ச் சேரவில்லை என்பது வருத்தம்.

ஆனால் முப்பது வருடமாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தில் எது வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் தடயம் எலிகளிடமிருந்து வந்தது. பிறந்ததிலிருந்தே கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு சல்ஃபாசலசீன் கொடுத்தால், அது உடையாமலே வெளியேறியது. சாதாரண எலிகளின் குடலில் அது இரண்டாகப் பிரிந்தது. பெப்பர்கார்ன், கோல்ட்மேன் என்ற இருவர் 1972-ல் இதைக் காட்டினார்கள். நைட்ரஜன் பிணைப்பை வெட்டுவது பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள். வயிற்று அமிலமோ சிறுகுடல் நொதியோ அதைத் தொடுவதில்லை. முடக்குவாதக் கிருமியைக் கொல்லக் கட்டிய மூலக்கூறு, உடலில் கிருமிகள் மிக அடர்த்தியாக வாழும் இடத்துக்குப் போய், அந்தக் கிருமிகளின் கையாலேயே திறந்துகொள்கிறது. ஸ்வார்ட்ஸ் இதைத் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தாலும் இதைவிடச் சிறப்பாக அமைத்திருக்க முடியாது.

பிரிந்த இரண்டு பாதிகளில் வைத்தியன் யார்? ஆக்ஸ்போர்டில் ட்ரூலவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஏ. கே. ஆசாத் கான் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். வங்கதேசத்துக்காரர். பின்னாளில் தன் நாட்டின் நீரிழிவுச் சங்கத் தலைவராகப் பெரும்பணி செய்தவர். அவர் வடிவமைத்த சோதனையின் எளிமை இன்று படித்தாலும் மனதை நிறைக்கிறது. மருந்தின் பாதிகளை வாய்வழி கொடுத்தால் அவை சிறுகுடலிலேயே ரத்தத்துக்குள் போய்விடும், பெருங்குடலுக்கு வந்து சேராது. அதனால் எனிமாவாக நேரே உள்ளே செலுத்தினார். 62 நோயாளிகள், மூன்று குழுக்கள், இரண்டு வாரம். ஒரு குழுவுக்கு முழு சல்ஃபாசலசீன், ஒரு குழுவுக்கு சல்ஃபாபிரிடின், ஒரு குழுவுக்கு 5-அமினோசாலிசிலிக் அமிலம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

1977-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. முழு மருந்து பெற்றவர்களிலும் 5-அமினோசாலிசிலிக் அமிலம் பெற்றவர்களிலும் ஏறக்குறைய 30 சதவீதத்தினரின் குடல் திசு நுண்ணோக்கியில் பார்க்கும்போதே தேறியிருந்தது. சல்ஃபாபிரிடின் குழுவில் அது 5 சதவீதம்தான். கிருமிகொல்லி என்று நம்பிச் சேர்த்த பாதி வெறும் சுமைதூக்கி. மருந்தைப் பெருங்குடல் வரை கொண்டுபோய் இறக்கிவிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. துணைக்கு நிற்கட்டும் என்று ஒட்டிய சாலிசிலேட் பாதிதான் நிஜ மருந்து.

சுமை தூக்கியதற்கு அது வாங்கும் கூலியும் அதிகம். பெருங்குடலில் பிரிந்தபின் சல்ஃபாபிரிடின் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தோல் தடிப்பு எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. சிலருடைய கல்லீரல் இந்தப் பொருளை மெதுவாகத்தான் மாற்றி வெளியேற்றும். அவர்களுக்குப் பக்கவிளைவு கூடுதல் என்று எடின்பரோவில் தாஸ் என்பவரின் குழு 1973-ல் காட்டியது. 1979-ல் இன்னொரு விஷயம் தெரிந்தது. இந்த மாத்திரை எடுக்கும் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைகிறது, நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடுகிறது. குழந்தை இல்லையே என்று கோயில் கோயிலாகவும் டாக்டர் டாக்டராகவும் அலையும் தம்பதியரில், கணவர் சாப்பிடும் மஞ்சள் மாத்திரையைப் பற்றி எத்தனை பேர் விசாரித்திருப்பார்கள்?

சுமைதூக்கியைக் கழற்றிவிட்டு மருந்தை மட்டும் கொடுக்கலாமே என்பது அடுத்த படி. சொல்வது சுலபம். தனியாக விழுங்கிய 5-அமினோசாலிசிலிக் அமிலம் சிறுகுடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்துக்குப் போய்விடும். நோய் இருக்கும் இடம் பல அடி தள்ளி இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் மாத்திரைக்கு ஒரு அக்ரிலிக் பூச்சு கொடுத்தார்கள். அமிலத்தில் கரையாத பூச்சு. சுற்றுப்புறத்தின் பிஹெச் 7-ஐத் தாண்டினால்தான் கரையும். சிறுகுடலின் கடைசியில்தான் அந்த அளவு எட்டும். 1982-ல் அவர்களுடைய முடிவு வெளியானது. டென்மார்க்கில் உருவான பென்டாசாவில் மருந்தைச் சின்னஞ்சிறு மணிகளாக்கி, வழியெங்கும் மெல்லக் கசியும்படி மேலே ஒரு படலம் போட்டார்கள். ஃபார்மசியாவே இரண்டு 5-அமினோசாலிசிலிக் அமிலங்களைத் தங்களுக்குள் பிணைத்து ஓல்சலசீன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இப்படி உடலுக்குள் பாதுகாப்பாகப் போய்ச் சேர வழி செய்த 5-அமினோசாலிசிலிக் அமிலத்துக்கு மெசலசின் அல்லது மெசலமைன் என்று பெயர். இன்று நம் மருந்துக் கடைகளில் கொலைட்டிஸுக்கு அதிகம் விற்பது இதுதான்.

ஒரு மாத்திரையோடு கூடவே போய்ப் பார்க்கலாம். காலை இட்லி சாப்பிட்டபின் ஒருவர் 800 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்றை விழுங்குகிறார். மெல்லக் கூடாது, உடைக்கக் கூடாது. பூச்சு போனால் பயணமே போச்சு. இரைப்பையின் அமிலத்தில் மாத்திரை அப்படியே கிடக்கிறது. இட்லி கரைந்து இறங்கிய பிறகுதான் அதற்கு வழி கிடைக்கும். சிறுகுடலில் மூன்று நான்கு மணி நேரம். பித்தமும் கணையநீரும் கலந்து, சூழல் காரமாகிக்கொண்டே வருகிறது. சிறுகுடல் முடியும் இடத்தில் பூச்சு மெலிந்து கிழிகிறது. உள்ளிருக்கும் வெளிர்நிற மருந்து கூழோடு கலந்து பெருங்குடலுக்குள் இறங்குகிறது. தோல் புண்ணில் களிம்பு தடவுவதுபோல், உட்சவ்வின் மேல் நேரடியாகப் படிந்து வேலை செய்வதுதான் இதன் முறை. சவ்வின் செல்களுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணிக்கிறது. செல்களில் எந்த ஏற்பியின் வழியாக இது நடக்கிறது என்பதை பிரான்ஸின் லில் நகர ஆய்வாளர்கள் 2005-ல் விளக்கினார்கள். ரத்தத்துக்குள் நுழையும் பங்கு சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும், மிச்சம் மலத்தோடு போகும்.

சில நாள் மலத்தில் மாத்திரையின் கூடு மட்டும் தெரியும். பயப்பட வேண்டாம், உள்ளிருந்த மருந்து இறங்கிவிட்டது. முழு மாத்திரையே அடிக்கடி வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த வகைப் பூச்சு உங்கள் குடலில் கரையவில்லை என்று அர்த்தம். பிளீச்சிங் பவுடர் போட்ட கழிப்பறையில் மெசலமைன் எடுப்பவரின் சிறுநீர் செம்பழுப்பாக மாறக்கூடும். அது ரத்தம் இல்லை, பிளீச்சோடு மருந்து சேர்ந்து நிறம் மாறுகிறது. பழைய சல்ஃபாசலசீன் என்றால் சிறுநீர் நேரடியாகவே ஆரஞ்சு மஞ்சளாக வரும், கான்டாக்ட் லென்ஸிலும் கறை படியலாம்.

மாத்திரை எவ்வளவு திறமையாக வந்தாலும் கடைசி ஒரு சாண் அதற்குச் சிரமம். அழற்சி இருக்கும்போது பெருங்குடலின் இடப்பக்கம் உணவுக்கூழை விரைந்து தள்ளிவிடுகிறது, மலக்குடலில் மருந்து தங்குவதில்லை. நோயோ அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரியையும், 60 மில்லி பாட்டிலில் வரும் எனிமாவையும் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். மலக்குடலோடு நிற்கும் நோய்க்கு இரவில் 1 கிராம் சப்போசிட்டரி, வாய்வழி மாத்திரையைவிடச் சிறந்தது. இடப்பக்கம் வரை பரவியிருந்தால், மாத்திரை மட்டும் எடுப்பதைவிட மாத்திரையும் எனிமாவும் சேர்ந்தது கூடுதல் பலன் தரும். இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

ஆனால் பின்வழி மருந்து என்றதும் நம்மவர்கள் கூசுகிறார்கள். சீட்டிலிருக்கும் மூன்று மருந்தில் அது ஒன்றை மட்டும் வாங்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கடை கவுன்டரில் நாலு பேர் நிற்கும்போது அதைக் கேட்க வாய் வராது. கூட்டுக் குடும்பத்தில், ஒரே குளியலறை இருக்கும் வீட்டில், அதை வைத்துக்கொள்ள இடமும் நேரமும் கிடைக்காது. இந்தச் சங்கடத்தை டாக்டர்களே முந்திக்கொண்டு பேச வேண்டும். முறை ஒன்றும் பெரிதில்லை. படுக்கப் போகும்முன் மலம் கழித்துவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து, வலக்காலை மடக்கிப் படுத்து, பாட்டிலை நன்றாகக் குலுக்கி மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு அப்படியே சிறிது நேரம் கிடந்து, இரவு முழுக்க உள்ளே நிற்க விட வேண்டும். முதல் சில நாள் தங்காது, வெளியே வந்துவிடும். அழற்சி குறையக் குறையத் தங்கும். உள்ளாடையில் கறை பிடிக்கும் என்பதால் பழைய துணி விரித்துக்கொள்ளலாம்.

அளவைப் பொறுத்தவரை, நோய் சீறும்போது மெசலமைன் ஒரு நாளைக்கு 2 முதல் 4.8 கிராம் வரை போகும். அடங்கியபின் குறைந்தது 2 கிராம் என்பது வழக்கம். மூன்று வேளையாகப் பிரித்து விழுங்க வேண்டிய கட்டாயமும் இப்போது பெரும்பாலும் இல்லை. ஒரே வேளையில் மொத்தமாக எடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. மதிய மாத்திரையை மறப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மறப்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்களில் மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ரத்தம் நின்று ஆறு மாதம் ஆனால், இனி எதற்கு இத்தனை மாத்திரை என்று தோன்றுவது இயல்புதான். ரத்தம் நின்றிருப்பதே அந்த மாத்திரையால்தான்.

பாதுகாப்பு என்று வரும்போது மெசலமைனை நல்ல பிள்ளை என்றே சொல்லலாம். ஆனாலும் இரண்டு விஷயங்களில் கண்காணிப்பு வேண்டும். ஒன்று சிறுநீரகம். மிக அரிதாக, எந்த அறிகுறியும் காட்டாமல் சிறுநீரகத் திசுவில் அழற்சி வரும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் மீளலாம், தாமதித்தால் மீளாது. அதனால் தொடங்கும்முன் ஒரு கிரியேட்டினின், முதல் சில மாதங்களில் மறுபடி ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் ரத்தப் பரிசோதனை இது. வருடக்கணக்கில் சீட்டைக் காட்டிக் காட்டி மாத்திரை வாங்குபவர்கள் பலர் இதைச் செய்வதே இல்லை. இரண்டாவது, நூற்றில் சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகும். தொடங்கிய சில நாள்களில் வயிற்றுப் பிடிப்பு, காய்ச்சல், தலைவலி, ரத்தபேதி வரும். நோய் முற்றியதுபோலவே இருக்கும் என்பதால் மருந்தின் அளவைக் கூட்டிவிடும் ஆபத்து உண்டு. நிறுத்தினால் சட்டென்று குறையும்.

சல்ஃபாசலசீன் எடுப்பவர்களுக்கு இன்னும் சில பொறுப்புகள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையலாம். ஃபோலிக் அமிலம் உடலில் குறையும், அதனால் கூடவே ஃபோலிக் அமில மாத்திரை தேவை, கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம் தேவை. முதல் மூன்று மாதம் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அடிக்கடி பார்ப்பார்கள். மாத்திரை தொடங்கியபின் தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடும் பெண்கள் அதிகம். சல்ஃபாசலசீனும் மெசலமைனும் பொதுவாகக் கர்ப்பத்தில் தொடரக்கூடியவை. மருந்தைவிட, கர்ப்ப காலத்தில் சீறி எழும் நோய்தான் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல். எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் அசதியோபிரின் எடுப்பவர்களும் இந்த மருந்தைத் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேரும்போது வெள்ளை அணுக்கள் குறையக்கூடும்.

இந்த வரலாற்றில் மூட்டு வலி மறுபடி வருகிறது. கொலைட்டிஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு முழங்கால், கணுக்கால், முதுகு என்று மூட்டுகளும் வலிக்கும். குடலில் நடக்கும் அதே அழற்சியின் வெளிப்பாடு அது. நோயாளி பெரும்பாலும் இதைக் குடலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கடைக்குப் போய் டைக்ளோஃபெனாக் அல்லது இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதுவும் அழற்சியைக் குறைக்கும் மருந்துதான். ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. குடல் சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியை அது உடல் முழுக்க அடைத்துவிடுகிறது. வலி போகும், பாதுகாப்பும் போகும். அடங்கியிருந்த கொலைட்டிஸ் கிளர்ந்தெழ இது ஒரு காரணமாகலாம் என்று வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். இதய நோய்க்காகச் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்.

குடலும் மூட்டும் சேர்ந்து வலிக்கும் இந்த நோயாளிக்குத்தான் ஸ்வார்ட்ஸின் மஞ்சள் மாத்திரை பொருத்தம். 1970களின் இறுதியில் பர்மிங்ஹாமில் பிரயன் மெக்கோங்கி இதை முடக்குவாதத்துக்கு மீண்டும் சோதித்து, முப்பது ஆண்டுகளாக மூடியிருந்த வாசலைத் திறந்தார். இன்று மூட்டு மருத்துவர்கள் தினமும் எழுதும் மருந்துகளில் இது ஒன்று. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். சல்ஃபா பாதியைத் தாங்கக்கூடியவர்களுக்குக் கொலைட்டிஸுக்கும் கைகால் மூட்டு வலிக்கும் ஒரே மருந்து போதுமானதாகிவிடும். புதிய மெசலமைன் வந்துவிட்டதே என்று பழையதை ஒதுக்கிவிடாமல், மூட்டு வலியைப் பற்றி டாக்டரிடம் வாய்திறந்து சொன்னால்தான் இந்த வாய்ப்புக் கிடைக்கும். விலையும் மெசலமைனைவிடக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

எல்லை உண்டு இதற்கும். சிறுகுடலையும் தாக்கும் குரோன் நோயில் மெசலமைன் பெரிதாக உதவுவதில்லை. கொலைட்டிஸிலும் லேசான, நடுத்தர நிலைக்குத்தான் இது. ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, நாடித்துடிப்பு 90-ஐத் தாண்டுகிறது என்றால், அது ட்ரூலவும் விட்ஸும் 1955-லேயே வரைந்து கொடுத்த கடும் தாக்குதலின் அடையாளம். வீட்டில் மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கும் நேரமில்லை அது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஊசி வழி ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். அந்த நிலையில் போக்கை நிறுத்த லோபெரமைடு போடுவது பெருங்குடல் ஆபத்தான அளவுக்கு வீங்க வழிவகுக்கும்.

கொலைட்டிஸ் உள்ளவர்களிடமும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, கடைசியாகக் கிரியேட்டினின் பார்த்த தேதியை ஃபைலில் தேடுங்கள். ஓராண்டைத் தாண்டியிருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள். மூட்டு வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நோய் வந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தால் புற்றுநோய்க் கண்காணிப்புக்கான குழாய்க் கேமரா பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.